ராவ்ஜியின் இடது காது

14 ஜூன் 1938

மழை பிடித்துக்கொண்டது. ஸ்டுடியோ கூரை தகரம். மழை விட்ட இடைவெளிகளில்தான் வேலை நடக்கிறது.

இன்று தோட்டக் காட்சி. கதாநாயகி அனார்பாய் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பாட வேண்டும். மற்ற ஸ்டுடியோக்களில் பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு வாயசைக்கச் சொல்கிறார்கள். எங்கள் முதலாளி ஜமன்தாஸ் சேட்டுக்கு அதில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆகவே வாத்தியக்காரர்கள் ஏழு பேரும் காகித மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தோம். எனக்குக் கிடைத்த மரத்தடியில் மட்டும் நிஜ எறும்பு.

மியூசிக் டைரக்டர் விட்டல்ராவ், நாங்கள் ராவ்ஜி என்று கூப்பிடுகிறவர், ஆர்மோனியத்தோடு ஊஞ்சலுக்குப் பக்கத்துப் புதருக்குள் இருந்தார். அனார்பாய்க்கு முதல் அடியைப் பாடிக் காட்டினார். ஆர்மோனியம் ஒன்று சொன்னது, அவர் குரல் அரைக் கட்டை இறங்கி வேறொன்று சொன்னது. ஏழு வருஷத்தில் அவர் சுருதி விலகி நான் கேட்டதேயில்லை. அனார்பாய் ஊஞ்சலை நிறுத்திவிட்டு என் மரத்தைப் பார்த்தாள்.

"ஈரத்தில் ஆர்மோனியம் கெட்டுவிட்டது" என்றேன்.

எல்லோரும் ஆர்மோனியத்தைத் திட்டினார்கள். ராவ்ஜி அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை.

19 ஜூன், ஞாயிறு

தமிழ் ஆராதனைக்குப் போய்வந்தோம். கூரை ஒழுகியதால் போதகர் சீக்கிரமே முடித்துவிட்டார். திரும்பும் வழியில் எஸ்தர் ஆரம்பித்தாள்.

"ஏங்க, இது உங்களுக்கு எத்தனாவது படம்?"

"பதினொன்று."

"பதினொண்ணுல ஒண்ணுலயாவது உங்க பேரு உண்டா? சட்ட தச்சவன் பேரக்கூட போட்டிருக்காவ. எங்க அண்ணன் நாசரேத்துல இருந்து படம் பாக்க திருநெவேலி போய், பேரத் தேடித் தேடிப் பாத்துட்டு வந்தானாம்."

பேருக்காக நான் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஊமைப்படக் காலத்தில் நான் கொட்டகையில் திரைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்து பிடில் வாசித்தவன். பேசும் படம் வந்ததும் ஒரே வாரத்தில் முப்பது பேரை வெளியே அனுப்பினார்கள். அந்த முப்பது பேரில் என்னை ஒருவனைத் தேடி வந்தவர் ராவ்ஜி. அவருக்கு இசையை எழுதத் தெரியாது. தஞ்சாவூர் மராட்டியர், அப்பா ஹரிகதை செய்தவர். நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகப் போனதில் தெற்கத்திச் சங்கீதம், வடக்கத்திச் சங்கீதம் இரண்டும் நாக்கில் ஊறியவை. ஆனால் எதையும் காகிதத்தில் வைக்கத் தெரியாது. நான் மிஷன் பள்ளியில் படித்தவன். கேட்டதைக் கேட்டபடி எழுதுவேன். "எனக்கு வாய் இருக்கு, உமக்குக் கை இருக்கு ஓய்" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு நான் நன்றியுள்ளவன். பேரைப் பற்றி யோசித்ததில்லை.

இந்த விஷயத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை.

27 ஜூன்

மழையில் டிராம் நின்றுவிட, ராவ்ஜியும் நானும் தாதர் வரை குடையோடு நடந்தோம். நான் இடது பக்கம் நடந்தேன். ஏதோ கேட்டேன், பதிலில்லை. மறுபடி கேட்டேன். அவர் என் தோளைப் பிடித்து வலது பக்கத்துக்கு இழுத்து நிறுத்தினார்.

"அந்தப் பக்கம் நின்னு பேசினா சுவத்தோட பேசற மாதிரி ஓய். போன வருஷம் மலேரியாவுக்குக் கொய்னா கொய்னான்னு ஊத்தினாளே, அதோட போச்சு. இப்ப வலதும் மங்கறது. உள்ள யாரோ சதா தம்பூரா மீட்டிண்டிருக்கான். அதுவும் சுருதி சேராத தம்பூரா."

டாக்டரைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"மூணு பேரைப் பாத்தாச்சு. திரும்பாதுன்னுட்டா. ருக்மிணிக்கும் உமக்கும்தான் தெரியும். சேட்டுக்குத் தெரிஞ்சுதுன்னா மறுநாளே கதவைச் சாத்திடுவான். யார்கிட்டயும் சொல்லப்படாது, புரியறதா?"

வேதப்புத்தகத்தின் மேல் ஆணையாகச் சொல்லமாட்டேன் என்றேன். அவர் ஆணை கேட்கவில்லை. நானாகத்தான் இட்டேன்.

30 ஜூன்

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம். ஒத்திகையில் நான் அவருக்கு வலப்புறம் ஒட்டி உட்காருவது. அவர் குரல் இறங்கினால் என் கால் கட்டைவிரலால் அவர் பாதத்தை ஒரு தட்டு. ஏறினால் இரண்டு தட்டு. யாராவது கூப்பிட்டால் அழுத்தம். அவர் வீட்டில் பழகிப் பார்த்தபோது அவர் மனைவி ருக்மிணி மாமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பெரிய மனுஷர்கள் காலால் விளையாடுவதைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் உள்ளே போய் வெகு நேரம் வரவில்லை.

8 ஜூலை

ஊஞ்சல் பாட்டு முடிந்தது. யாருக்கும் தெரியவில்லை.

15 ஜூலை

இன்றும் ஒரு பாட்டு. பாதி வழியில் அவர் தாளம் தப்பியதை நான் பிடிலால் மூடினேன். அனார்பாய் "ராவ்ஜி, கமால்!" என்று வியந்தாள். அவர் எழுந்து சலாம் வைத்தார். என் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. எஸ்தர் விளக்கெண்ணெய் தடவினாள். கல் தடுக்கியது என்று சொல்லி வைத்தேன்.

இப்போது பாட்டில் பாதி என் கால்தான் போடுகிறது. இதைச் சும்மா ஒரு தகவலாக எழுதி வைக்கிறேன்.

22 ஜூலை

சேட் தம் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். ஏழு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. இன்று நாற்காலி காட்டினார். ஏலக்காய் போட்ட டீ, பீங்கான் கோப்பை. பியூன் கண்பத் ஒரு தட்டில் பிஸ்கட்டும் வைத்தான்.

"ராவ்ஜிக்கு உடம்பு சரிதானே?" என்று கேட்டார்.

சரிதான் என்றேன்.

"மலேரியாவுக்கு அப்புறம் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

நான் இல்லையென்று தலையாட்டவில்லை. அவ்வளவுதான். ஸ்டுடியோவில் எல்லோரும் அரசல்புரசலாகப் பேசுவதைத் தவிர நான் புதிதாக எதுவும் சொல்லவில்லை. அடுத்து ஒரு ராஜபுத்திரக் கதை எடுக்கப் போவதாகவும், சங்கீதத்தை யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பதாகவும் சொன்னார். "மாஸ்டர்" என்று என்னைக் கூப்பிட்டார். இதுவரை "ஏ பிடில்" என்றுதான் கூப்பிடுவார்.

வெளியே வந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

23 ஜூலை

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

2 ஆகஸ்ட்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பதினொரு மணிக்கு மியூசிக் ரூமில் ஒத்திகை. ராவ்ஜி கண்ணை மூடிக்கொண்டு பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தார். நான் வலப்புறம். சேட் இரண்டு நண்பர்களோடு சத்தமில்லாமல் உள்ளே வந்தார். எங்களை எழுந்திருக்க வேண்டாமென்று சைகை காட்டினார். சுற்றிக்கொண்டு போய் ராவ்ஜியின் இடது தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ராவ்ஜி" என்றார், சாதாரணக் குரலில்.

ராவ்ஜி பாடிக்கொண்டிருந்தார்.

"ராவ்ஜி!" சற்று உரக்க. தபலாக்காரர் கையை எடுத்துவிட்டார். சாரங்கியும் நின்றது.

மூன்றாவது தடவை சேட் கத்தியே கூப்பிட்டார். ஜன்னலில் இருந்த புறா பறந்தது. ராவ்ஜி கண்ணை மூடியபடி, வாத்தியங்கள் நின்றதும் தெரியாமல், தலையை ஆட்டி ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தார். சேட்டின் நண்பர்களில் ஒருவர் சிரித்தார்.

என் கால் அவர் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அழுத்தியிருக்கலாம். கால் மரத்துப் போயிருந்தது.

அனார்பாய்தான் எழுந்து வந்து அவர் கையைத் தொட்டாள். அவர் கண்ணைத் திறந்தார். எங்கள் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முகத்தைக் கடைசியாகப் பார்த்தார்.

சாயங்காலம் டிராமில் கேட்டார்: "இடது பக்கம்னு அவனுக்கு யார் ஓய் சொன்னா? நேரா இடது பக்கம் போய் நின்னிருக்கான்."

"பல பேர் கவனித்திருப்பார்கள்" என்று அவருடைய வலது காதில் சொன்னேன்.

"இருக்கும்" என்றார்.

6 ஆகஸ்ட்

ராவ்ஜிக்குப் பாராட்டு விழா. அப்படித்தான் பேர். சந்தன மாலை, சால்வை, குரூப் போட்டோ. "எங்கள் தாய்வீட்டு மரம் ராவ்ஜி, இனி அவர் ஓய்வெடுக்கட்டும்" என்று சேட் பேசினார். மரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. கை தட்டுவதைப் பார்த்து அதுவும் கை தட்டியது.

பிறகு சேட் என் தோளில் கை போட்டு, அடுத்த படத்துக்கு மியூசிக் டைரக்டர் இவர்தான் என்றார். மாமி ஒரு சீட்டில் அதை எழுதி ராவ்ஜியிடம் காட்டினாள். அவர் எழுந்து வந்து, தம் கழுத்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

"எவன் கையிலயோ போகாம உம்ம கைக்கு வந்துதே. நன்னா இரும்" என்றார்.

எஸ்தர் அழுதாள். நாசரேத்துக்கு அவள் எழுதிய கடிதத்தை நானே தபாலில் போட்டேன்.

24 ஆகஸ்ட்

எனக்கென்று தனி அறை. சாய்வு மேஜை, புது ஆர்மோனியம், இங்க். ஆறு பாட்டு வேண்டும். மூன்று மெட்டுப் போட்டுவிட்டேன்.

29 ஆகஸ்ட்

சேட் மூன்றையும் கேட்டார். முதல் மெட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதுக்கு மோதிரத்தைச் சுழற்றினார். மூன்றாவது முடிந்ததும் கேட்டார்: "மாஸ்டர், இதென்ன, சர்ச்சில் பாடுகிற பாட்டா? எனக்கு ராஜபுத்திர நாயகி வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேண்டாம்."

மெட்டுகளில் பிழை ஒன்றுமில்லை. ராகம் சுத்தம், தாளம் சுத்தம். பிழையில்லாதது அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய?

5 செப்டம்பர்

இன்னும் இரண்டு போட்டேன். நானே கிழித்துவிட்டேன்.

ஏழு வருஷமாக அந்த மனுஷன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, வண்டியில் போகிறபோது, செருப்பைத் தேடுகிறபோது பாடுவார்; நான் எழுதுவேன். எழுதுகிறவனுக்கு அதெல்லாம் தன் கையிலிருந்து வருவது போலத்தான் தோன்றும்.

சேட் பத்து நாள் தந்திருக்கிறார்.

11 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. ராவ்ஜி வீட்டுக்குப் போனேன். விழாவுக்குப் பிறகு இப்போதுதான் போகிறேன்.

மாமி கதவைத் திறந்தாள். "வாங்கோ" என்றாள்.

வலது காதும் போய்விட்டது. பக்கத்தில் சிலேட்டு. ராவ்ஜி என்னைப் பார்த்ததும் குழந்தை மாதிரி பாயைத் தட்டி உட்காரச் சொன்னார். நான் சிலேட்டில் எழுதினேன்: 'கதாநாயகி, கிணற்றடி. கணவன் யுத்தத்துக்குப் போகிறான். குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிவது தெரியாமல் நிற்கிறாள். மெட்டு வரவில்லை.'

படித்தார். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சிலேட்டைத் துடைத்துவிட்டுப் பாடத் தொடங்கினார்.

தன் குரல் தனக்கே கேட்காத மனிதர் பாடுவதை நான் முன்னே பின்னே கேட்டதில்லை. சுருதி அங்குமிங்கும் நழுவியது. ஓரிடத்தில் வெறும் காற்றுத்தான் வந்தது. ஆனால் உள்ளே மெட்டு முழுசாக இருந்தது. அவர் எந்த இடத்தில் நிற்க நினைக்கிறார், எங்கே போக நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதினேன். கை நிற்கவேயில்லை.

முடித்ததும், "சரியா இருக்கா?" என்று கேட்டார்.

சிலேட்டில் எழுதினேன்: 'படத்தில் உங்கள் பேரும் வரும். நான் சேட்டிடம் சொல்கிறேன்.'

அதை மாமியிடம் தூக்கிக் காட்டினார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று.

13 செப்டம்பர்

கிணற்றடிப் பாட்டைக் கேட்டுவிட்டு சேட் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "மாஸ்டர், இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தாய்?" என்றார்.

அந்த நேரத்தில் ராவ்ஜி விஷயத்தைச் சொல்வது பொருத்தமாக இல்லை.

2 அக்டோபர்

ஐந்து ஞாயிறு வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். நான்கில் ஆறு பாட்டும் முடிந்துவிட்டன. அவர் சுருதி விலகிப் பாடுகிறார். நான் அதைச் சரிசெய்து, விட்ட இடத்தை நிரப்பி எழுதுகிறேன். வேறு யாராவது கேட்டால் வெறும் முனகல் என்றுதான் நினைப்பார்கள். அதைப் பாட்டாக்குவது யார்? பாதிக்கு மேல் என் வேலை என்று நியாயமாகவே சொல்லலாம்.

சேட்டிடம் சொல்லப் போனேன். விருந்தாளிகளோடு இருந்தார்.

19 அக்டோபர்

சேட் சூரத் போயிருக்கிறார்.

14 நவம்பர்

கிணற்றடிப் பாட்டு பதிவாயிற்று. பாட்டைத் தனியாகப் பதிவு செய்ய சேட் கடைசியில் சம்மதித்துவிட்டார். யாரும் மரத்துக்குப் பின்னால் ஒளியவில்லை. அனார்பாய் பாடி முடித்துவிட்டு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"மாஸ்டர், சத்தியமாகச் சொல். இது ராவ்ஜியுடையதுதானே?"

"ஏழு வருஷம் அவரோடு இருந்திருக்கிறேன். அவர் சாயல் வரத்தானே செய்யும்" என்றேன்.

"நானும் அவரோடு ஆறு வருஷம் இருந்திருக்கிறேன். எனக்கு வரவில்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இந்த மாதிரிப் பெண்களுக்கு வாய் அதிகம்.

20 டிசம்பர்

டைட்டில் எழுதும் ஆர்ட்டிஸ்ட் என் அறைக்கு வந்தான். "சங்கீதத்துக்கு இரண்டு பேர் வரலாம் என்று யாரோ சொன்னார்கள். ஒன்றா, இரண்டா?" என்று கேட்டான். யார் சொல்லியிருப்பார்கள்? அனார்பாயாகத்தான் இருக்கும்.

சேட் முடிவு செய்ய வேண்டியது என்றேன். சேட் உன்னிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னார் என்றான்.

இரண்டு பேர் போட்டால் எழுத்துச் சிறிதாகிவிடும் என்றும் அவனே சொன்னான்.

இதில் எழுத வேறொன்றுமில்லை. கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் அச்சுமுறுக்கு சுடுகிறாள். எனக்கு நெஞ்சுக் கரிப்பு; ஒன்று கூடத் தின்னவில்லை.

21 ஜனவரி 1939

படம் வெளியாயிற்று. கொட்டகை வாசலில் என் பெயர் ஓராள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. எஸ்தர் நின்று நின்று பார்த்தாள். கண்ணெடுக்கவில்லை.

3 பிப்ரவரி

குதிரை வண்டிக்காரன் கிணற்றடிப் பாட்டைப் பாடிக்கொண்டு போகிறான். பால்காரன் பாடுகிறான். மேல்மாடிக் குஜராத்திப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டே பாடுகிறார்கள். இரண்டாவது வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் தப்பாகப் பாடுகிறார்கள். திருத்த வாயெடுத்தேன், சும்மா இருந்துவிட்டேன்.

பத்திரிகையில் என் போட்டோ வந்தது. 'தென்னாட்டு மேதை' என்று போட்டிருக்கிறார்கள்.

ராவ்ஜி படம் பார்க்க வேண்டுமென்கிறாராம். மாமி ஆளனுப்பியிருக்கிறாள். அவருக்கு என்ன கேட்கப்போகிறது?

5 பிப்ரவரி, ஞாயிறு

மத்தியானக் காட்சிக்கு அழைத்துப் போனேன். வேறு வழியில்லை.

ராவ்ஜி விழாவில் போர்த்திய சால்வையைப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் மாமிக்கும் நடுவில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்ததும் முன்னால் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேர்கள் வரத் தொடங்கின. கதை, வசனம், காமிரா, தையல். சங்கீதம் வந்தது. நாலு எண்ணும் நேரம் திரையில் நின்றது. மறைந்தது. அவர் அடுத்த பேரையும் படித்தார், அதற்கடுத்ததையும் படித்தார். கடைசிப் பேர் வரைக்கும் படித்தார். பிறகு பின்னால் சாய்ந்துகொண்டார்.

கிணற்றடிக் காட்சி வந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. ஜனங்களைத் திரும்பிப் பார்த்தார். வரிசை வரிசையாகக் கால்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ராவ்ஜி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "எழுத்தை நன்னா பெரிசா போட்டிருக்கான்" என்றார். டிராம் நிறுத்தத்தை நோக்கி முன்னால் நடந்தார்.

நான் மாமியிடம், கடைசி நேரத்தில் சேட்தான் மாற்றிவிட்டார் என்று ஆரம்பித்தேன். அவள் நின்றாள்.

"வேண்டாம் நாயகம். சேட்டோட ரூம்ல நீங்க டீ குடிச்சுண்டே என்னென்ன சொன்னேள்னு பியூன் கண்பத் அன்னிக்கே வந்து சொல்லிட்டான். அவர்கிட்ட அன்னிக்கே எழுதிக் காட்டிட்டேன்."

"அன்றைக்கே என்றால்?"

"சேட் பின்னால வந்து நின்னு கூப்பிட்டு அவமானப்படுத்தறதுக்குப் பதினோரு நாள் முன்னால. அப்புறமும் உங்க கால் தொடும்னுதான் அவர் உக்காந்திருந்தார்."

"தெரிந்துமா மாலை போட்டார்? தெரிந்துமா எனக்குப் பாட்டுக் கொடுத்தார்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'துரோகிதான். ஆனா பிசகில்லாம எழுதறவன் இந்த ஊர்ல அவன் ஒருத்தன்தான். உள்ள பாட்டு முட்டறது, ருக்மிணி. எவன் கையாலயாவது வெளியில வந்தா சரி'ன்னார். நீங்க பேர் வரும்னு எழுதிக் காட்டினேளே, அந்தச் சிலேட்டை மூணு நாள் அழிக்காம வெச்சிருந்தார்."

டிராம் வந்தது. அவரைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனாள்.

6 பிப்ரவரி

ஜூலை 22ஆம் தேதிப் பக்கத்தில் நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இடது காது என்று சொன்னேன். வலது காது கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்றும் சொன்னேன். அது அவருக்குச் சாதகமாகச் சொன்னது. கால் கட்டைவிரல் விஷயத்தையும் சொன்னேன். சேட் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். இன்னொரு கோப்பை டீ வேண்டுமா என்று கேட்டார், வேண்டும் என்றேன்.

சேட் என்னை வற்புறுத்தவில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

7 பிப்ரவரி

எஸ்தரிடம் சொல்லப் பார்த்தேன். அவள் போட்டோ வந்த பத்திரிகைப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் இந்த ஆணிய அடிச்சுத் தாங்களேன்" என்றாள். அடித்துக் கொடுத்தேன்.

20 பிப்ரவரி

சேட் அடுத்த படத்தை அறிவித்துவிட்டார். ஆறு பாட்டு, மார்ச் முதல் வாரத்துக்குள். "கிணற்றடி மாதிரி ஒன்றாவது வேண்டும் மாஸ்டர்" என்கிறார்.

ஒன்பது மெட்டுப் போட்டேன். ஒன்றுகூட ஒன்பதாவது நிமிஷத்தில் எனக்கே நினைவில் இல்லை.

26 பிப்ரவரி, ஞாயிறு

போனேன். போகாமலிருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் போனேன்.

வாசலில் நின்றபோதே உள்ளே ராவ்ஜி குரல் கேட்டது. காய்கறிக்காரியோடு மராத்தியில் சண்டை. கத்தரிக்காய் முற்றல் என்று. குரல் கணீரென்று இருந்தது. என்னைக் கண்டதும் நிறுத்தினார். பாயைத் தட்டி உட்காரச் சொன்னார். மாமி காபி கொண்டுவரவில்லை.

சிலேட்டில் நிறைய எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை பேர் நிச்சயம் வரும், உங்கள் பேர் முதலில், சேட்டிடம் எழுதியே வாங்கிவிடுகிறேன் என்று எழுதினேன். கீழே, இடமில்லாமல், சின்ன எழுத்தில்: 'நாயகி. மாலை நேரம். வராதவனுக்காக விளக்கு ஏற்றுகிறாள்.'

அவர் மேலே இருந்ததையெல்லாம் கையால் மறைத்துக்கொண்டு கடைசி வரியை மட்டும் படித்தார். கண்ணை மூடினார்.

நான் பேனாவைத் திறந்தேன்.

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார் என்று நினைத்தேன். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வலது கை தொடையில் பதினாறு அட்சரம் தாளம் போட்டது. இடது கை மெதுவாக மேலே ஏறி, ஓரிடத்தில் நடுங்கி நின்று, பிறகு மெல்ல இறங்கியது. பல்லவி முடிந்து அடுத்த அடி எடுத்தார் என்று தெரிந்தது. உச்சத்துக்குப் போனபோது கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணோரம் நீர் கசிந்தது. ஒரு சத்தம், ஒரு மூச்சொலிகூட இல்லை. முழுப் பாட்டு. என் முன்னால் இரண்டு முழத்தில் உட்கார்ந்து அவர் முழுப் பாட்டையும் பாடினார். அது அவருடைய பாட்டுகளிலேயே பெரியது என்பது அந்த இடது கையைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு ஒரு ஸ்வரம்கூடக் கிடைக்கவில்லை.

சமையலறை வாசலில் மாமி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்தார். கண்ணைத் திறந்து, சற்று முன் காய்கறிக்காரியைத் திட்டிய அதே கணீர்க் குரலில் கேட்டார்:

"எழுதிண்டாச்சா?"

வெற்றுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

1 மார்ச்

சேட் மோட்டார் அனுப்பினார். பத்திரிகைக்காரர்கள் நாலு பேரை வரவழைத்து வைத்திருந்தார். மாலை போட்டார்கள். ஆறு பாட்டும் தயாரா என்று அவர்கள் எதிரிலேயே கேட்டார்.

தயார் என்றேன்.